கொடுமுடி, செங்கோட்டை, சென்னை: ஒரு குரலின் பின்னால் ஐந்து நாள்

முதல் நாள்: கொடுமுடி

ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாசஞ்சர் ரயிலில்தான் போவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தடத்தில்தான் ஒரு சின்னப் பெண் பெட்டி பெட்டியாக ஏறிப் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்வார்கள். கே.பி.சுந்தராம்பாள். ‘கே’ என்றால் கொடுமுடி, ‘பி’ என்றால் பாலாம்பாள். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெயர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடிய அந்த அம்மாவின் பெயர்தான் பின்னால் கிராமபோன் தட்டிலும் சினிமா நோட்டீஸிலும் மகளோடு ஒட்டிக்கொண்டே போனது.

என் அம்மாவும் கூட வந்திருக்கிறாள். வயது 72. தனியாகத்தான் கிளம்புவதாக இருந்தேன். “கேபிஎஸ் ஊருக்கா? நானும் வர்றேன்டி” என்று பையைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்குச் சுந்தராம்பாளைப் பழக்கிவிட்டது எங்கள் ஊர் முருகன் கோயில். குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் விடிகாலையில் ஊரில் முதலில் எழுந்திருப்பது அந்தக் குரல்தான் என்பாள்.

பாசூர், ஊஞ்சலூர் என்று ரயில் நின்று நின்று போயிற்று. காளிங்கராயன் வாய்க்கால் பாயும் பூமி. மஞ்சள் வெட்டி முடிந்த வயல்கள், வாழை, கரும்பு. அம்மா ஜன்னலோரம். எதிரில் இருந்த பெண் கடலைப் பொட்டலத்தை நீட்டி, “எங்கீங்க, கோயிலுக்குங்களா?” என்றாள். சுந்தராம்பாளுக்காக வந்திருக்கிறோம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவங்க போயி எத்தனை வருசமாச்சுங்க!”

பங்குனி உத்திரம் நெருங்குவதால் கொடுமுடி நிரம்பி வழிகிறது. இங்கே காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகிற கூட்டம். தோளில் காவடி, காலில் சலங்கை, சாலை முழுக்க மஞ்சளும் பச்சையும். கோயிலில் மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா, மூன்று பேரும் ஒரே வளாகத்தில். பிரம்மாவுக்கு மூன்று முகம்தான். நாலாவது முகம் அந்த வன்னி மரமே என்று அர்ச்சகர் சொன்னார். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இந்த ஊர்ச் சிவன் மேல்தான். அம்மா சன்னதியில் நின்று நாலு வரி முணுமுணுத்துவிட்டு ஆற்றுக்கு இறங்கினாள். பங்குனிக் காவிரி, முழங்கால் தண்ணீர். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

படித்துறையில் உட்கார்ந்து யோசித்தது இது. 1908இல் இங்கே பிறந்த பெண்ணை நாடகத்துக்கு இழுத்துப் போனது யார் என்பதற்கு இரண்டு கதை உண்டு. ரயிலில் பாடிய சிறுமியை எஃப்.ஜி.நடேச ஐயர் கண்டுபிடித்தார் என்பது ஒன்று. அவர் ரயில்வே அதிகாரி, திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர், தானே வேஷம் கட்டி மேடையேறியவர். இன்னொன்று, அவள் பாட்டைக் கேட்ட ஒரு போலீஸ் அதிகாரி, கரூரில் முகாம் போட்டிருந்த வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது. இரண்டு கதையிலும் உத்தியோகத்தில் இருக்கிற ஒரு பெரிய மனுஷர் வந்துவிடுகிறார் பாருங்கள். இவளுக்குப் பாடச் சொல்லித்தந்தது யார் என்பதற்கு ஒரு கதையும் காணோம்.

கம்பெனியில் கிடைத்த முதல் வேஷம் நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை என்பார்கள். அந்த வேஷத்துக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் நாள்: கரூர் வழியாக மதுரை

கரூரில் அதிக நேரம் இல்லை. பசுபதீசுவரரைப் பார்த்தோம், சாப்பிட்டோம், மதுரை பஸ் பிடித்தோம். திண்டுக்கல் வரை அம்மா தூங்கினாள். அங்கிருந்து மதுரை வரை, லாட்ஜில் வெந்நீர் உண்டா என்று நாலு தடவை கேட்டாள். உண்டு என்று போனில் சத்தியம் செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் குழாய் மட்டும் இருந்தது.

மதுரைக்கு வந்தது ஸ்பெஷல் நாடகம் பார்க்க. சுந்தராம்பாள் பெயர் வாங்கிய மேடை அதுதான். இதில் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ஏஜெண்டு மூலம் ராஜபார்ட் என்கிற நாயகன் வேஷத்துக்கு ஒருத்தர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி வேஷத்துக்கு ஒருத்தர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். ஒருத்தர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஒருத்தர் திண்டுக்கல்லிலிருந்து வருவார். மேடையில்தான் முதல் சந்திப்பு. ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் ஒரே கதை, ஒரே பாட்டு மனப்பாடம் என்பதால் நாடகம் ஓடிவிடுகிறது. அந்தக் கதைகளில் பெரும்பங்கு எழுதி வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922இல் இறந்து போனவர். தமுக்கம் பக்கம் சிலையாக நிற்கிறார். சாயங்காலம் அதையும் எட்டிப் பார்த்தோம்.

ராத்திரி ஒரு கிராமத்து அம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம். பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கியது. பபூனும் டான்ஸும் முடிந்து வள்ளி வருவதற்குள் நடுராத்திரி தாண்டிவிட்டது. இதில் உயிர்நாடி, வேலனும் வள்ளியும் மோதுகிற தர்க்கம். எழுதி வைத்த வசனம் இருக்கும், ஆனால் அதோடு நிற்க மாட்டார்கள். அவர் ஒரு பாட்டை எடுத்தால் இவர் அதற்கு மேல் ஒரு சங்கதி போடுவார். விட்டுக்கொடுக்க மாட்டார். சுந்தராம்பாளும், பின்னால் அவர் கணவரான பாட்டு நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவும் நேருக்கு நேர் நின்றது இந்த இடத்தில்தான். கூட்டம் காசு கொடுத்தது கதைக்கு இல்லை, இந்த மல்லுக்கட்டுக்கு.

மேடைக்குப் பின்னால் படுதா கட்டிய மறைப்பில், வள்ளி வேஷம் போட்ட பெண்ணிடம் பத்து நிமிஷம் பேச முடிந்தது. முகத்தில் ரோஸ் பவுடர், மடியில் டீ. சுந்தராம்பாள் பெயரைச் சொன்னதும் காதைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“அவுக பாடுன அஞ்சு கட்டைக்கு நாங்க எங்கக்கா போறது? எங்களுக்கு மைக் இருக்குல்ல. அவுகளுக்குத் தொண்டைதான் மைக்கு.”

கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக வளர்த்த உச்சச் சுருதி அந்த அஞ்சு கட்டை. அதனால்தான் அந்தக் குரலில் குழைவைவிட வீச்சு அதிகம். இன்றைக்குப் புதிதாகக் கேட்பவர்கள் ‘கத்துகிற மாதிரி இருக்கிறதே’ என்பார்கள். மைக் இல்லாத கொட்டகையை மனதில் வைத்துக் கேட்க வேண்டும்.

வாடகைக்கு வீடு கேட்டால் நாடகக்காரி என்று இப்போதும் யோசிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அப்புறம் ஆர்மோனியம் கூப்பிட்டது, போய்விட்டாள். அம்மா பாயில் உட்கார்ந்தபடியே விடிய விடியப் பார்த்தாள். நான்தான் மூன்று மணிக்குச் சாய்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்: மதுரையிலிருந்து செங்கோட்டை

ரயிலில் தூங்கியதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. ராஜபாளையம் தாண்டி மேற்கு மலை தெரிந்ததும் அம்மா எழுப்பினாள். செங்கோட்டையில் அறை எடுத்து மறுபடி தூங்கினோம். இன்றைக்கு இவ்வளவுதான்.

நான்காம் நாள்: செங்கோட்டை

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு ஒரு வளைவு இன்னும் நிற்கிறது. வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். டீக்கடையில் “கிட்டப்பா ஊரு இதுதானே அண்ணாச்சி?” என்று கேட்டதற்கு, “பாட்டுக்காரக் கிட்டப்பாவா? இந்த ஊர்க்காரர்தான். ஆனா இப்ப யாரு கேக்கா அவரைப் பத்தி” என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

செங்கோட்டை கங்காதர ஐயர் மகன் கிட்டப்பா பிறந்தது 1906இல். சிறுவயதிலேயே அண்ணன்மாரோடு மேடைக்குப் போனவர். கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தில் பரதனாக வந்து பாடியே ஊரைக் கட்டிப்போட்டவர். சுந்தராம்பாளை அவர் சந்தித்தது இலங்கையில். அந்தக் காலத்தில் மதுரையில் பேசி அமர்த்தப்படும் நாடகக்காரர்களுக்குக் கொழும்பு ஒரு வாரச்சந்தை மாதிரி. கப்பலேறிப் போனால் காசும் பேரும் சேர்ந்து வரும். இவர் முன்னால் இந்தப் பெண் நிற்க முடியுமா என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்களாம். நின்றாள். ஜோடி சேர்ந்தது. 1927இல் கல்யாணம். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு.

அக்கிரகாரத் தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்.

“மொத்தம் எத்தனை வருஷம்டி சேர்ந்து இருந்தாங்க?”

சேர்ந்து இருந்தது என்று கணக்குப் போட்டால் ஆறு வருஷம்கூடத் தேறாது. நடுவில் பிணக்கு, பிரிவு, பிறந்து தங்காத ஒரு குழந்தை, குடி. அவர் வராமல் இருந்தபோது சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. நான் படித்திருக்கிறேன். தெய்வப் பாடகி யாரும் அதில் இல்லை. கோபித்துக்கொள்கிற, கெஞ்சுகிற, திரும்பக் கோபித்துக்கொள்கிற இருபது வயதுப் பெண்தான் இருக்கிறாள்.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா போய்விட்டார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைக் கதர்ச் சேலை, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. 1980இல் இறக்கும்வரை, 47 வருஷம், அதில் மாற்றமில்லை.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள், பதிவிரதை என்று தொடங்கி. எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். துக்கம் உண்மைதான். ஆனால் அன்றைய நாடக, சினிமா உலகத்தில் தனியாக நின்ற ஓர் இளம் நடிகைக்கு அந்த வெள்ளைச் சேலை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜோடி யார், நெருக்கம் எவ்வளவு, எந்த முதலாளி வீட்டுக்கு வரலாம் என்கிற பேரமெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் நிபந்தனை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அம்மா கலர்ச் சேலைதான் கட்டுகிறாள், நாங்கள் சண்டை போட்டுக் கட்ட வைத்தது. திண்ணைத் தூணில் சாய்ந்தபடி, “நான் வெள்ளை கட்டியிருந்தா நீ என்னைக் கூட்டிட்டு வந்திருப்பியா?” என்றாள். சரியான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ். கீழ்ப் பெர்த் அம்மாவுக்கு.

ஐந்தாம் நாள்: சென்னை

ஜெமினி மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுந்தராம்பாளின் ‘ஔவையார்’ படத்தை எடுத்த ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஓட்டல். வெயிலில் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தோம். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றோம்.

சினிமாவுக்கு அவர் வந்தது அந்தப் படத்துக்கு ரொம்ப முன்னால், 1935இல், ‘நந்தனார்’ படத்தில். தயாரித்தவர் அசன்தாஸ். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. விரட்டிவிடலாம் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்றுவிட்டார். இந்தியாவில் ஒரு படத்துக்கு லட்சம் ரூபாய் வாங்கிய முதல் கலைஞர் இவர்தான் என்பார்கள். பெரிய பெரிய கதாநாயகர்களெல்லாம் அதற்குப் பின்னால்தான். வேஷம் என்ன? நந்தனார்! ஆணோடு ஜோடி சேர மாட்டேன் என்றவர் ஆணாகவே நடித்துவிட்டார். வேதியராக எதிரில் நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

படம் எப்படி? பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்கிற ரீதியில் கல்கி விமர்சனத்தில் கிண்டலடித்தார். அதைக் கேட்டு எனக்கே கோபம் வந்திருக்கிறது. ஆனால் பின்னால் வந்த படங்களைப் பார்க்கும்போது அவர் எதைக் குத்தினார் என்று புரிகிறது. சுந்தராம்பாள் நின்றால் நின்ற இடம்தான். கை கொஞ்சம் உயரும், கண் மேலே போகும், அவ்வளவு. மீதியெல்லாம் தொண்டையில். கொட்டகையில் அது போதும், கேமராவுக்குப் போதாது. அதற்கு ஏற்ற வேஷம் கிடைக்க அவர் 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 1940இல் ‘மணிமேகலை’, அதுவும் துறவிதான்.

1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. எஸ்.எஸ்.வாசன் பணத்தைக் கொட்டினார், கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். யானைக் கூட்டமே வருகிற படம். ராஜாஜிக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், ஜனங்களுக்குப் பிடித்தது. 45 வயதில் நரைத்த தலையும் கோலுமாக ஒரு கிழவி. அசையாமல் நிற்பதே அங்கே நடிப்பாகிவிட்டது. வேண்டிக்கொண்டு இளமையை விலக்கிக் கிழவியான பெண்ணின் கதை, அதை நடித்தவரும் அப்படிப்பட்டவர். வாசன் இதை யோசிக்காமல் இருந்திருப்பாரா?

மேம்பாலத்து நிழலில் இளநீர் குடித்துக்கொண்டே அம்மா விரல் விட்டு எண்ணினாள். நந்தனார், மணிமேகலை, ஔவை, ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், ‘திருவிளையாட’லில் மறுபடி ஔவை, காரைக்கால் அம்மையார். “ஒரு படத்துலயாவது கல்யாணப் பொண்ணா வந்திருக்காங்களா?” இல்லை. ஒரு துறவி, ஒரு கிழவி, ஒரு பேய். தமிழ் சினிமாவில் கதாநாயகி ஆக முடியாத பெண்ணுக்கு மிச்சமிருக்கிற வேஷங்களை எல்லாம் எடுத்து, அவற்றுக்கே படத்தின் பெயரையும் பெரிய சம்பளத்தையும் வாங்கியவர் இவர் ஒருத்தர்தான்.

மேடையில் கற்ற பிடிவாதம் கடைசிவரை போகவில்லை. 1964இல் ‘பூம்புகார்’. வசனம் மு.கருணாநிதி. பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற வரி இருந்தது. தெய்வத்தை அப்படிக் கேட்டுப் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் மறுக்க, தெய்வம் வந்துவிட்டது என்று வரி மாறியதாம். காங்கிரஸ்காரியும் தி.மு.க.காரரும் சேர்ந்து ஒரு சமணத் துறவியை உருவாக்கிய விநோதம் அது.

காங்கிரஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சத்தியமூர்த்தியோடு தேர்தல் மேடைகளில் பாடியவர். காந்தி கொடுமுடிக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு போட்டாராம். சாப்பிட்டு முடித்து, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்டு வாங்கி ஏலம் விட்டாராம். ஊரில் இதை நேற்று நடந்த மாதிரிச் சொல்கிறார்கள். 1951இல் சட்ட மேலவைக்குப் போனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள். இன்றைக்குத் தமிழ்நாட்டு அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்ல ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் 1969. ‘துணைவன்’ படப் பாட்டுக்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 61 வயதில். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ.

கீழ்ப்பாக்கம் போகலாமா என்று ஒரு யோசனை இருந்தது. டி.பி.ராஜலட்சுமி வாழ்ந்த பகுதி. அவரும் மேடையிலிருந்து வந்தவர்தான், திருவையாற்றுக்காரர். 1931இல் ‘காளிதாஸ்’ நாயகி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதி இயக்கியவர். அவர் கதையைத் தொட்டால் இன்னொரு பயணம் ஆகிவிடும். அம்மாவுக்கும் கால் வலி.

அதனால் மவுண்ட் ரோட்டில் ஒரு கதர்க் கடைக்குள் போனோம், ஃபேன் காற்றுக்காகத்தான். அம்மா வெள்ளைச் சேலை அடுக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றை எடுத்து விரித்து, முந்தானையைக் கையில் தேய்த்துப் பார்த்தாள். “நல்ல கனம்டி. வெயிலுக்கு நல்லா இருக்கும்.” கடைக்காரர் பில் போடட்டுமா என்றார்.

“இதுலயே அரக்குக் கலர் இருக்குங்களா?” என்றாள் அம்மா.

இருந்தது. பில் போட்டு வெளியே வந்து பையைத் திறந்தால் கொடுமுடித் தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்று, மேலே இருந்த என் நோட்டுப் புத்தகம் வரை நனைந்திருக்கிறது. மதுரை ராத்திரிப் பக்கங்களில் மை பரவிவிட்டது. இன்று ராத்திரி ஈரோடு ரயில். அதற்குள் காயவைக்க வேண்டும்.